கூடுதலாக வைத்த தட்டு

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுதும்போது கொம்பும் காலும் மாறி விழும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மலருக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அந்தத் தமிழர் வழக்கைப் பற்றி விவரமாக எழுதுவார்கள். எனக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அந்த வருடங்களில் நான் சில்க்போர்க் ஊரில் ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

இளம் ஆட்களுக்காக வழக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் டென்மார்க்குக்கு வந்த எங்கள் ஆண்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அரசாங்கத்துக்கு விண்ணப்பக் கடதாசி போட்டார்கள். அந்தக் கடதாசிகளை மேலிடத்தில் பார்க்காமலே ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். பிறகு அது வெளியே வந்து, விசாரணை நடந்து, பெரிய கதையாகிவிட்டது. எங்கள் கடதாசியும் அந்தக் குவியலில் கிடந்தது. இவர், அதாவது என் கணவர், இங்கே. நானும் மகனும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில். அனுமதி வந்தபோது மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. எனக்கும் சின்னவளுக்கும் மட்டும்தான் வந்தது. அவனை என் தம்பி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

அவன் அதை “விட்டிட்டுப் போனது” என்பான். நான் “விடவேண்டி வந்தது” என்பேன். இந்தச் சொல்லில் பிடித்துக்கொண்டு எங்களுக்குள் கடிதம் நின்றுபோனது. தம்பி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால், மகன் இப்போதுதான் வெளியே போனான் என்பார்கள்.

இனிக் குசினிக்கு வருகிறேன். அங்கே நாங்கள் மூன்று வெளிநாட்டுப் பெண்கள். தலைமைச் சமையல்காரி டேனிஷ் மனிசி, தங்கமான ஆள், ஆனால் எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். மற்ற இருவரும் போலந்திலிருந்து வந்தவர்கள், இரண்டு பேரும் எனக்கு மூத்தவர்கள். ஒருவர் உயரம், பெரிய கைகள், கதவு திறக்க முன்னமே குரல் வந்துவிடும். மற்றவர் மெலிந்தவர், பேசும்போது தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத்தான் பேசுவார். மனதுக்குள் நான் அவர்களுக்குப் பெரிய போலந்து, சின்னப் போலந்து என்று பெயர் வைத்திருந்தேன். அது பிழையான பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே பெரியக்கா, சின்னக்கா என்றே எழுதுகிறேன்.

நாங்கள் கதைத்தது உடைந்த டேனிஷ். எனக்கு அது எங்கட தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

“உன்ரை கத்தி கிழங்கைச் சீவுதோ, தடவிக் குடுக்குதோ?” என்று பெரியக்கா கேட்பார்.

“நீ சீவினால் கிழங்கை விடத் தோல் தடிப்பு. பண்டிக்குத்தான் நல்ல சாப்பாடு,” என்பார் சின்னக்கா.

பீட்ரூட் உரிக்கிற நாளில் மூன்று பேரின் கையும் ஒரே சிவப்பு. “பாருங்கோ, இண்டைக்கு மூண்டு பேரும் ஒரே நாடு,” என்று பெரியக்கா கையை நீட்டுவார். எனக்குக் கூச்சம், அதிகம் வாய் திறக்கமாட்டேன். ஆனால் மகனை விட்டு வந்த அந்த நாட்களில் நான் சிரித்தது அந்தக் குசினியில்தான்.

ஒரு நவம்பரில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், புதுவருட வேலை நேரங்களைப் பலகையில் எழுதினார்கள். சின்னக்காவுக்கு ஜனவரி ஆறாம் திகதி பின்னேர வேலை விழுந்திருந்தது. அவர் தலைமைச் சமையல்காரியிடம் போய் அந்தப் பின்னேரம் லீவு வேண்டும் என்று கேட்டார். பெரியக்கா பானையைக் கழுவியபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

“உனக்கு ஆறாம் திகதி பின்னேரம் என்ன? யேசுவைப் பாக்க வந்த மூண்டு ராசாக்களின்ரை பூசை காலமையெல்லோ?”

“எங்களுக்குப் பழைய கலண்டர். அண்டைக்குத்தான் நத்தார் இரவு.”

“எங்களுக்கோ? ஆர் அந்த எங்கள்?”

சின்னக்கா குழாயைப் பூட்டினார். “நான் உக்ரேன் சனம். போலந்திலை பிறந்தனான், அவ்வளவுதான். தான் உயிரோடை இருக்கும் வரைக்கும் வாய் திறக்காதை எண்டு அம்மா சொன்னவ. இப்ப அம்மா இல்லை.”

அவருடைய தாய் அந்த வசந்தத்தில் போலந்தில் இறந்திருந்தார். அதற்கு முந்திய வருடங்களில் அந்த நாளை வேலை முடிந்து வீட்டுக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் கொண்டாடியிருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில் ஒன்று இன்னும் மறக்கவில்லை. ‘நாம்’ என்றால் கேட்கிற ஆளும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் கேட்கிற ஆள் வெளியே. எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் நாங்கள்தான். டேனிஷிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே இத்தனை காலமும் சின்னக்கா “நாங்கள்” என்று சொன்னபோதெல்லாம் அதில் தானும் இருப்பதாகப் பெரியக்கா நினைத்திருந்தார். அன்றைக்கு அவர் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ‘நாங்கள்’ ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் போலந்துப் பாசை தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் எல்லாச் செய்தியும் அரைகுறை டேனிஷ் பேசுகிற என் மூலமாகத்தான் போனது.

“கிழங்கு அவிஞ்சிட்டுதெண்டு அவவிட்டைச் சொல்லு.”

நான் இரண்டடி திரும்பி, “கிழங்கு அவிஞ்சிட்டுதாம்,” என்பேன்.

“எனக்குக் காது கேக்கும் எண்டு சொல்லு.”

தனித்தனியே இரண்டு பேரும் என்னிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். பெரியக்காவின் தாய் வோலின் என்கிற பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அது இப்போது உக்ரேனில் இருக்கிறது. போர்க்காலத்தில் ஓர் இரவு உக்ரேன் ஆட்கள் வந்து போலந்துச் சனத்தின் வீடுகளைக் கொளுத்தினார்கள். வந்தவர்களில் பக்கத்து ஊர்ப் பழகிய முகங்களும் இருந்தனவாம். தாய் சோளக் காட்டுக்குள் கிடந்து தப்பினார். அவருடைய தம்பி தப்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. “அம்மா இண்டைக்கும் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கமாட்டா,” என்றார் பெரியக்கா.

சின்னக்காவின் தாய் தகப்பன் போலந்தின் மலைப் பக்கத்தில் ஓர் உக்ரேன் கிராமம். போர் முடிந்த பிறகு போலந்து இராணுவம் வந்து, இரண்டொரு மணி நேரத்துக்குள் சாமானைக் கட்டுங்கள் என்று சொல்லி, சனத்தை மாடு ஏற்றுகிற பெட்டியில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்ச் சிதறவிட்டது. ஒரே ஊர் ஆட்கள் ஓரிடத்தில் இருக்கக்கூடாது என்று. கோயில் பூட்டிக்கிடந்து கூரை விழுந்ததாம். “பள்ளிக்கூடத்திலை வாயைத் திறந்தால் எங்களைக் கொலைகாரர் எண்டுவினம். நான் பிறக்க முதல் நடந்ததுக்கு,” என்றார் சின்னக்கா.

“ஆர் முதலிலை தொடங்கினது எண்டு அவவிட்டைக் கேள்,” என்று முடிப்பார் ஒருவர். மற்றவரும் அதே சொல்லால்தான் முடிப்பார். அந்தக் கேள்வியை மட்டும் நான் கொண்டுபோகவில்லை.

சின்னக்கா சொன்ன இரண்டொரு மணி நேரம் என் மனதில் நின்றது. நான் இங்கே வந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனத்தை அப்படித்தான் வெளிக்கிடச் சொன்னார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. என் மகளுக்குச் சட்டை தைத்துத் தந்தவரின் குடும்பமும் அதில் போனது. அனுப்பியவர்கள் எங்கள் ஆட்கள். அந்தத் தையல்காரர் என்னைப் பற்றி என்ன ‘நாங்கள்’ வைத்திருப்பார் என்று கிழங்கு உரிக்கும்போது நினைப்பேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் சின்னக்கா, ரண்டர்ஸ் என்ற வேறு ஊரில் ஓர் இடத்தில் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். புதுவருடத்துக்குப் பிறகு போய்விடுவாராம். எனக்கு ஏற்கெனவே ஒரு ஆளோடு கதை நின்று நான் படுகிற பாடு போதாதா என்று இருந்தது.

அந்த வாரம் பலகையில் ஒரு மாற்றம். ஜனவரி ஆறாம் திகதி பின்னேரத்தில் சின்னக்காவின் பெயரை அழித்துவிட்டுப் பெரியக்கா தன் பெயரை எழுதியிருந்தார்.

“அக்கா, நீங்களோ மாத்தினது?” என்று கேட்டேன்.

“அவ இல்லாத குசினி எனக்கு நிம்மதி. வேறை ஒண்டும் நினையாதை.”

பிறகு என்னைத் தன் வீட்டுக்கு டிசம்பர் இருபத்துநாலாம் திகதி நத்தார் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறத்தியார் வீட்டு மேசையில் எப்படி இருக்கிறது என்ற கூச்சம். அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல். இவர் அவளோடு நின்றுகொண்டு, “மனிசி கூப்பிட்டதுக்குப் போட்டு வாரும்,” என்று என்னைக் கலைத்துவிட்டார்.

நான் போனபோது எல்லாரும் மேசையில் இருந்தார்கள். பெரியக்காவும் கணவரும், யன்னலைப் பார்த்தபடி அந்தத் தாயும். நான் வருவேன் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆனால் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது, சுத்தமாக, ஒன்றும் போடாமல்.

“இரு, அது உனக்குத்தான்,” என்றார் பெரியக்கா. “ஒவ்வொரு வருசமும் வைப்பம். வழியிலை ஆரும் வந்தால் இருக்க. எத்தினை வருசமா வைக்கிறன், இண்டைக்குத்தான் முதன்முதலா ஒரு ஆள் வந்திருக்கு!”

இறைச்சி இல்லாத சாப்பாடு. மீன், முட்டைக்கோவா, பிறகு கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் போட்ட ஒன்று. சாப்பிட முதல் அந்தத் தாய் கடதாசி மாதிரி மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை என் பக்கம் நீட்டினார். நான் ஒரு துண்டு முறிக்க வேண்டும், அவர் என்னுடையதில் ஒரு துண்டு முறிக்க வேண்டும், வாழ்த்துச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாசையில் நிறையச் சொன்னார்.

வெளிக்கிடும்போது பெரியக்கா அதே மாதிரி இன்னொரு அப்பத்தை மெல்லிய கடதாசியில் சுற்றித் தந்தார். “தூரத்திலை இருக்கிற பிள்ளையளுக்கு இதிலை பாதியைக் கடிதத்துக்குள்ளை வைச்சு அனுப்பிறது எங்கட வழக்கம். உன்ரை மகனுக்கு அனுப்பு.” நான் வீட்டுக்கு வந்து பாதியாக உடைத்து அலுமாரியில் வைத்தேன். அனுப்பத் துணிவு வரவில்லை.

புதுவருடம் கழித்துச் சின்னக்கா என்னிடம் சொன்னார்: “ஆறாம் திகதி நீ வா. அவவிட்டையும் சொல்லு, நான் கதவு பூட்டமாட்டன் எண்டு.”

நான் கொண்டுபோய்ச் சொன்னேன்.

“பூட்டாட்டிக் குளிர் வரும் எண்டு சொல்லு,” என்றார் பெரியக்கா.

நான் அதைச் சொல்லவில்லை. “கேட்டுக்கொண்டு நிண்டவ,” என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் திகதி போனேன். சின்னக்கா தனி ஆள், சிறிய வீடு. மேசையில் மூன்று தட்டு. அவருடையது ஒன்று, மற்றது பெரியக்காவுக்கு என்று நினைத்தேன், மூன்றாவது காலியாக, பக்கத்தில் மெழுகுதிரியோடு. எனக்கு இப்போது வழக்கம் தெரியும் அல்லவா? வழியில் வருகிற ஆளுக்கு வைத்த தட்டு, போன முறையும் அப்படி ஒரு தட்டின் முன்னால்தான் இருந்தேன். அவர் அடுப்படியில் நிற்கும்போது நான் நேரே போய் அதன் முன்னால் இருந்துவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

“அது அம்மாவின்ரை,” என்றார்.

நான் நெருப்பில் இருந்தவள்போல எழும்பினேன். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைத்த இலையில் யாராவது போய் இருப்பார்களா? “பெரியக்கா வீட்டிலை என்னை இப்பிடி வைச்ச தட்டுக்கு முன்னாலைதான் இருத்தினவை அக்கா. வழியிலை வாற ஆளுக்கெண்டு சொன்னவ,” என்று அழுதழுது சொன்னேன்.

சின்னக்கா கிண்ணத்தை மேசையில் வைத்தார். “அங்கை வாற ஆக்களுக்கு வைக்கினம். எங்களிட்டை இனி வரமாட்டாத ஆக்களுக்கு வைக்கிறம்,” என்றார். பிறகு என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். “அம்மா கோவிக்கமாட்டா. தனிய இருக்கிறது அவவுக்கு விருப்பமில்லை.”

கிண்ணத்துக்குள் பார்த்தால் அதே கோதுமை, தேன், கசகசா. “இது பெரியக்கா வீட்டிலையும் சாப்பிட்டனான்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“எங்களிட்டை எடுத்ததுதான்!” என்றார் சின்னக்கா.

நாங்கள் சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பெரியக்கா. வேலை உடுப்புக்கு மேல் கோட்டு, மூக்கு சிவந்திருந்தது.

“சூப்புக் கிண்ணம் எல்லாம் கழுவிட்டு வாறன். ஒருத்தரும் உதவிக்கில்லை,” என்றார், எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு.

அவருக்குத் தட்டு வைத்திருக்கவில்லை. சின்னக்கா எழும்பினார். அலுமாரிப் பக்கம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத் தாயின் தட்டைப் பெரியக்காவின் பக்கம் திருப்பி வைத்தார்.

பெரியக்கா மெழுகுதிரியைப் பார்த்தார், அது யாருடைய தட்டென்று அவருக்கு விளங்கியது. கோட்டைக் கழற்றாமலே இருந்தார். எனக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக டேனிஷில் சொன்னார்: “அம்மா பிறந்த ஊரிலை எங்கட ஆக்களும் செத்தவைக்குத்தானாம் வைச்சவை. போருக்குப் பிறகு அம்மாதான் மாத்தினவ. தம்பிக்கு அப்பிடி வைக்க அவவாலை ஏலாது. உடம்பைக் காணேல்லையெல்லோ. அதுதான் வழியிலை வாற ஆளுக்கெண்டு சொல்லத் தொடங்கினவ.”

சின்னக்கா கோதுமையை அந்தத் தட்டில் போட்டார். பெரியக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“தேன் காணாது,” என்றார்.

“உனக்கு எப்பவும் காணாது,” என்றார் சின்னக்கா. அது போலந்துப் பாசையில். எப்படி விளங்கியது என்று கேட்காதீர்கள், விளங்கியது.

அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். யார் தொடங்கினது, எத்தனை பேர், எந்த ஊர் யாருடையது என்று பிறகும் சண்டை பிடித்தார்கள். கரண்டியை எறிந்த நாளும் உண்டு. ஆனால் நேரே பிடித்தார்கள், என் மூலமாக இல்லை. சின்னக்கா ரண்டர்ஸ் போகவில்லை.

அந்த மாதத்திலேயே எங்கள் வழக்கின் அறிக்கை வந்து பிரதமர் பதவி விலகினார். தொலைக்காட்சியில் அதே கதைதான். மகள் டேனிஷில் கேட்டு, டேனிஷிலேயே எனக்கு விளக்கினாள். தலைமைச் சமையல்காரி கேக் வாங்கி வந்து, “உங்களுக்கு நீதி கிடைச்சிட்டுது!” என்று என்னைக் கட்டிப்பிடித்தார். இவர் பேப்பரை வெட்டினார், மகனுக்கு அனுப்ப. இனியாவது அவன் நம்புவான், பிழை யாருடையது என்று எழுதியே இருக்கிறது என்றார். கடிதத்தை ஒட்ட முதல் நான் அலுமாரியிலிருந்து அந்த அப்பத்தின் ஒரு பாதியை எடுத்து உள்ளே வைத்தேன்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தேன். மகனே எடுத்தான்.

“பேப்பர் வந்ததோ ராசா?”

“வந்தது.” பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. “அதிலை நான் லொட்ஜ் வாசல்லை நிண்டது போட்டிருக்கோ, அம்மா?”

கடதாசி கிடந்த கதை என் வாய்வரைக்கும் வந்தது. எப்போதும் அதைத்தான் சொல்வேன். அது உண்மைதான், இப்போது அரசாங்கமே சொல்லிவிட்டது. ஆனால் எனக்கு மெழுகுதிரியைத் தள்ளிவைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது.

“இல்லை ராசா, அதைப் போடேல்லை,” என்றேன். “நீ நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிண்டனி. நாங்கள் ஏறின வான் மூலையிலை திரும்பும் வரைக்கும் நிண்டனி. கை காட்டேல்லை. நான் பார்த்தனான்.”

“வெள்ளைச் சேட்டு,” என்றான். பிறகு, “பேப்பருக்குள்ளை ஏதோ அப்பளம் மாதிரி நொருங்கிக் கிடந்தது. உதென்ன?”

“இஞ்சை ஒரு அக்கா தந்தவ. தூரத்துப் பிள்ளையளுக்கு அனுப்பிறதாம். ஒண்டை உடைச்சுப் பங்காத் தின்னிறது. மற்றப் பாதி என்னட்டைக் கிடக்கு.”

“நான் அதைத் தின்னிட்டன்.”

“எப்பிடி இருந்தது?”

“உப்பில்லை.”

தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து என் பாதியை எடுத்துத் தின்றேன். உண்மைதான், உப்பில்லை.

மகன் டென்மார்க்குக்குக் குடிவரவில்லை. பிறகு ஒரு கோடையில் தன் குடும்பத்தோடு வந்து நின்றான். இன்றைக்கும் “விட்டிட்டுப் போனது” என்றுதான் சொல்வான். நான் திருத்துவதில்லை. பொங்கலன்று எங்கள் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும்.

மலருக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். போலந்துக்காரரின் தட்டு யாருக்கு, உக்ரேன்காரரின் தட்டு யாருக்கு என்பதை நான் மாற்றி எழுதியிருந்தால், தெரிந்த யாரிடமாவது கேட்டுத் திருத்துங்கள். வோலின் என்ற பெயரின் எழுத்தும் சரியோ தெரியாது. ஆறாம் திகதிக்குப் பிறகுதான் பிரதமர் போனாரா என்பதையும் ஒருக்கால் பாருங்கள். சேட்டின் நிறத்தை மட்டும் தேட வேண்டாம். நான் நீலம் என்கிறேன், அவன் வெள்ளை என்கிறான். இரண்டையும் அப்படியே போட்டுவிடுங்கள்.